கோதிக் கன்ட்ரி: யாரிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கன்ட்ரி இசை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கௌபாய் தொப்பி, பழைய டிரக், பியர், காதல் தோல்வி, சொந்த ஊர் ஏக்கம். சோகப் பாட்டாகவே இருந்தாலும் கேட்டு முடிக்கும்போது மனதுக்கு இதமாக இருக்கும். அந்த நினைப்போடு 16 ஹார்ஸ்பவர் குழுவின் 'பிளாக் சோல் கொயர்' பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதிலும் கன்ட்ரிக்கே உரிய பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் உண்டு. ஆனால் அந்தப் பாஞ்சோ ஆளைத் துரத்துகிறது. மனிதர் எல்லோரும் தீயவர், எல்லோரும் பொய்யர் என்று ஒருவர் குரலை உயர்த்திப் பாடுகிறார். சர்ச் மேடையில் நின்று சபையைக் கண்டிக்கும் போதகரின் குரல் அது. பாட்டு வெளிவந்தது 1996-இல். நூறு வருடப் பழைய பாட்டு என்று யாராவது சொன்னாலும் நம்பிவிடுவோம்.

இந்த வகைக்குத்தான் கோதிக் கன்ட்ரி என்று பெயர். கோதிக் அமெரிக்கானா, டார்க் கன்ட்ரி, டென்வர் சவுண்ட் என்றும் சொல்வார்கள். எந்தப் பெயரும் முழுதாக நிலைக்கவில்லை. இதைப் பாடுகிறவர்கள் பலரும் அந்த முத்திரையை விரும்புவதும் இல்லை. ஆனாலும் கேட்டவுடன் இது அதுதான் என்று காது கண்டுகொள்ளும். அப்படிக் கண்டுகொள்ள என்னென்ன அடையாளங்கள், இந்த இருட்டு எங்கிருந்து வந்தது, யாரெல்லாம் இதை வளர்த்தார்கள் என்று புதிதாகக் கேட்க வருபவருக்குச் சொல்வதே இந்தக் கட்டுரை.

முதலில் இசை. சாதாரண கன்ட்ரிப் பாட்டு பெரும்பாலும் பிரகாசமாக ஒலிக்கும் மேஜர் ஸ்கேலில், மூன்று கார்டுகளுக்குள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளுக்குள்) ஓடிவிடும். கோதிக் கன்ட்ரி சோகமாக ஒலிக்கும் மைனர் ஸ்கேல் பக்கம் சாயும். இல்லாவிட்டால் மேஜரா மைனரா என்று பிடிபடாத பழைய அப்பலாச்சிய மலைநாட்டு மெட்டுகளுக்குப் போகும். பாஞ்சோவில் ஐந்தாவது தந்தி மற்ற நான்கையும்விடக் குட்டையானது. அதை அழுத்தி ஸ்வரம் மாற்றுவது அபூர்வம். என்ன மெட்டு வாசித்தாலும் அந்த ஒரு தந்தி ஒரே சுருதியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். வேகமான நடனப் பாட்டில் அது குதூகலமாகக் கேட்கும். மைனரில் நிதானமாக வாசித்தால் அதே தந்தி விடாமல் உறுத்தும். இதோடு வில் போட்டு இழைக்கும் டபுள் பாஸ், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம், அழுவதுபோல் வழுக்கிச் செல்லும் ஸ்டீல் கிடார், பெரிய காலி அறையில் பாடியதுபோன்ற எதிரொலி எல்லாம் சேரும்.

அப்புறம் பாட்டின் பொருள். கொலை, பாவம், சாத்தான், நியாயத்தீர்ப்பு நாள், ஆற்றில் மிதக்கும் உடல், குடும்பம் மூடி மறைக்கும் ரகசியம், குடித்துக் குடித்து அழியும் போதகர். வில்லியம் ஃபாக்னர், ஃபிளானரி ஓ'கானர் போன்றவர்கள் எழுதிய அமெரிக்கத் தெற்கத்திய இலக்கியத்தில் என்ன இருக்கிறதோ அதே சரக்கு. இடிந்துகொண்டிருக்கும் பண்ணை வீடு, அடிமை முறையின் தீராத கறை, மதம் தலைக்கேறிய மனிதர்கள். அந்தக் கதைகளுக்குப் பாட்டு வடிவம் கொடுத்தால் கோதிக் கன்ட்ரி.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்புச் சட்டையும் மண்டையோட்டுப் படமும் இருந்தால் மட்டும் பாட்டு இந்த வகையில் சேர்ந்துவிடாது. பாட்டில் வரும் பாவத்தைக் கண்டு பாடுகிறவருக்கே பயம் இருக்க வேண்டும். நரகம் உண்டென்று நம்புகிறவரோ, அப்படி நம்பி வளர்ந்து இன்னும் அதிலிருந்து வெளியே வர முடியாதவரோ பாடினால் குரலில் ஒரு நடுக்கம் வரும். என் காதுக்கு இந்த வகையின் உயிர் அந்த நடுக்கத்தில் இருக்கிறது.

இருட்டு வந்த வழி

ராக்கும், அதன் வேகமான முரட்டு வடிவமான பங்க்கும் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் 1990-களில் கன்ட்ரி மேல் கறுப்புச் சாயம் பூசினார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. கன்ட்ரி இசை முதன்முதலாக இசைத்தட்டில் ஏறிய காலத்திலேயே சாவும் கொலையும் அதன் கூடவே இருந்தன.

1927 கோடையில் ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் டென்னசியும் வர்ஜீனியாவும் தொட்டுக்கொள்ளும் பிரிஸ்டல் என்ற ஊருக்குப் போய், சுற்றுவட்டாரப் பாடகர்களைப் பதிவு செய்தார். கன்ட்ரி இசையின் பிறந்தநாள் போல அதைக் கொண்டாடுகிறார்கள். அங்கே பாடியவர்களில் கார்ட்டர் குடும்பமும் உண்டு. ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, உறவுக்காரப் பெண் மேபெல். அவர்கள் 1935-இல் பதிவு செய்த 'கேன் த சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்' இன்றுவரை கன்ட்ரி உலகின் தேசிய கீதம் மாதிரி எல்லா மேடைகளிலும் பாடப்படுகிறது. பாட்டு என்ன சொல்கிறது? அம்மாவின் உடலைக் கொண்டுபோகும் வண்டிக்காரரிடம் மெல்லப் போங்கள் என்று கெஞ்சுகிறான் மகன். அவ்வளவுதான். எல்லோரும் சேர்ந்து கைதட்டிப் பாடுவது ஒரு சாவு ஊர்வலத்தை.

அதே 1927-இல் வர்ஜீனியாவின் நார்ட்டன் ஊரைச் சேர்ந்த டாக் பாக்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, நியூயார்க்குக்குப் போய் 8 பாட்டுகள் பதிவு செய்தார். அவற்றில் 'ப்ரெட்டி பாலி'யைத் தேடிக் கேளுங்கள். வில்லி என்பவன் காதலி பாலியைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள் அவள். நேற்று ராத்திரி பெரும்பகுதி உன் குழியைத் தோண்டத்தான் செலவழித்தேன் என்கிறான் அவன். பாக்ஸ் இதைப் பாடும்போது குரலில் பரபரப்பே இருக்காது. பாஞ்சோவும் குரலும் ஒரே மெட்டை ஒட்டிக்கொண்டே போகும், கார்டு போட்டு இளைப்பாறுவதே கிடையாது. கறுப்பினக் கலைஞர்கள் வாசித்ததைக் கேட்டுத் தன் பாணியை அமைத்துக்கொண்டவர் அவர். பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழி வந்த வாத்தியம்தான். பக்தி மிகுந்த மனைவிக்கு இந்தப் பாட்டுகள் பிடிக்கவில்லை, பாக்ஸ் பாஞ்சோவைக் கீழே வைத்துவிட்டுச் சுரங்கத்திலேயே காலத்தைக் கழித்தார். 1963-இல் நாட்டுப்பாடல் கலைஞர் மைக் சீகர் தேடிப் போய்க் கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி மேடை ஏறினார். பாட்டு பாவமா என்ற கேள்வியோடு வாழ்நாள் முழுக்கப் போராடிய அந்த மனிதர், பின்னால் வந்த எல்லோருக்கும் மூதாதை.

'ப்ரெட்டி பாலி' மாதிரியான பாட்டுகளுக்குக் கொலைக் கதைப்பாடல் என்று பெயர் வைக்கலாம். நம் ஊரில் ஊரை உலுக்கிய கொலைகளைச் சிந்தாகக் கட்டி, மலிவுப் பதிப்பாக அச்சடித்து, சந்தையில் பாடி விற்றார்கள் அல்லவா, அந்தக் கொலைச்சிந்துகளை நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும். பிரிட்டனிலும் இதே மாதிரி ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தெருவில் விற்றார்கள். குடியேறியவர்களோடு அந்தப் பாட்டுகள் கடல் தாண்டி வந்தன. இங்கிலாந்தில் ஒருத்தி கொல்லப்பட்ட பாட்டு, அமெரிக்காவில் ஊர்ப்பெயர் மாறி 'நாக்ஸ்வில் கேர்ள்' ஆனது. உள்ளூர்க் கொலைகளுக்கும் புதுப் பாட்டுகள் கட்டப்பட்டன. வடக்கு கரோலினாவில் லாரா ஃபாஸ்டர் என்ற பெண் 1866-இல் கொல்லப்பட்டாள். அதற்காக டாம் டூலா 1868-இல் தூக்கிலிடப்பட்டான். அந்தப் பாட்டு 'டாம் டூலி' என்ற பெயரில் 1958-இல் கிங்ஸ்டன் ட்ரையோ பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

லூவின் சகோதரர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அலபாமாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி, ஐராவும் சார்லியும். இரண்டு குரலும் பிசிறில்லாமல் இழையும், ஒரே ஆள் இரண்டு ஸ்தாயியில் பாடுவதுபோல் இருக்கும். 1956-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் 'நாக்ஸ்வில் கேர்ள்' உண்டு. காதலியைக் கட்டையால் அடித்துக் கொல்லும் கதையை இத்தனை இனிமையாகப் பாட முடியுமா என்று முதுகு சில்லிடும். 1959-இல் வந்த 'சேட்டன் இஸ் ரியல்' ஆல்பத்தின் அட்டை இன்னும் பிரபலம். ஒட்டுப்பலகையில் செய்த சுமார் 12 அடி உயரச் சாத்தான் பின்னால் நிற்கிறான். அதைச் செய்தவர் ஐராவே. கல்குவாரியில் மண்ணெண்ணெயில் ஊறவைத்த டயர்களைக் கொளுத்தி, அந்த நெருப்புக்கு முன்னால் வெள்ளை கோட்டு சூட்டில் அண்ணனும் தம்பியும் கை விரித்து நிற்கிறார்கள். இன்று பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கைப் படமாகத் தெரியும். ஐராவுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. குடிப்பழக்கமும் கோபமும் அவரை ஆட்டிப் படைத்தன. கோபத்தில் மாண்டலினைப் போட்டு உடைப்பவர் என்று பெயர். 1965-இல் கார் விபத்தில் இறந்தார். சாத்தான் நிஜம் என்று பாடியபோது அதை அவர் அறிந்தே பாடினார்.

கன்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். 29 வயதில், 1953 புத்தாண்டு தினத்தன்று, கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டிலேயே உயிர் போயிற்று. அப்போது வெளிவந்திருந்த அவருடைய பாட்டின் தலைப்பு, இந்த உலகத்திலிருந்து நான் உயிரோடு தப்பப் போவதில்லை என்ற பொருள் தருவது. 'அலோன் அண்ட் ஃபர்சேக்கன்' என்ற மைனர் மெட்டைக் கேட்டால், கோதிக் கன்ட்ரிக்கு அச்சு அங்கேயே வார்க்கப்பட்டிருப்பது தெரியும்.

பிறகு ஏன் கன்ட்ரி என்றால் இதமான இசை என்ற எண்ணம் வந்தது? ராக் அண்ட் ரோல் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டபோது, கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்துத் தயாரிப்பாளர்கள் மாற்று வழி தேடினார்கள். செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்றவர்கள் ஃபிடிலையும் பாஞ்சோவையும் ஓரம் கட்டி, வயலின் கூட்டத்தையும் பின்னணிக் கோரஸையும் கொண்டுவந்தார்கள். நகரத்து வரவேற்பறையில் ஒலிக்கத் தக்க இசை. அதிலும் அருமையான பாட்டுகள் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் குழி தோண்டுகிறவன் அந்த வரவேற்பறைக்குள் வர முடியாது.

சாப்பாட்டு மேசையில் ஒரு சாவு

நாஷ்வில் மெருகுக்கு வெளியிலிருந்து 1967-இல் ஒரு பாட்டு வந்தது. பாபி ஜென்ட்ரி எழுதிப் பாடிய 'ஓட் டு பில்லி ஜோ'. மிசிசிப்பி மாநிலத்தில் வளர்ந்தவர் அவர். பாட்டில் பேய் இல்லை, ரத்தம் இல்லை. ஜூன் 3-ஆம் தேதி, மத்தியானம். வயல் வேலை முடிந்து குடும்பம் சாப்பிட உட்கார்கிறது. பில்லி ஜோ என்ற பையன் டாலஹாட்சி பாலத்திலிருந்து குதித்துவிட்டானாம் என்று அம்மா செய்தி சொல்கிறாள். அவனுக்கு எப்போதும் புத்தி மட்டுதான் என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டை இந்தப் பக்கம் தள்ளு என்கிறார் அப்பா. அண்ணன் இன்னொரு துண்டு ஆப்பிள் பை கேட்கிறான். நீ ஏன் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று மகளிடம் கேட்கிறாள் அம்மா. போதகர் வந்து போனார், பில்லி ஜோவோடு உன்னைப்போலவே ஒரு பெண் அந்தப் பாலத்தில் நின்று எதையோ தண்ணீரில் எறிந்ததைப் பார்த்தாராம் என்றும் சொல்கிறாள். எறிந்தது என்ன? பாட்டு கடைசிவரை சொல்லாது.

கிடார் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்க, வயலின்கள் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பாட்டு பீட்டில்ஸைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் அங்கேயே இருந்தது. சாவைவிட, சாவைப் பேசிக்கொண்டே பரிமாறும் அந்தக் கைகள்தான் இதில் பயங்கரம். கோதிக் கன்ட்ரியில் யாராவது ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜானி கேஷ் இல்லாமல் இந்தக் கதை நகராது. ஆர்கன்சாவில் பருத்தி வயலில் வளர்ந்தவர். 1944-இல் அண்ணன் ஜாக் மரம் அறுக்கும் ரம்பத்தில் மாட்டி இறந்தான். அப்போது ஜானிக்கு 12 வயது. சுட்டது ஒரு மனிதன் சாவதைப் பார்ப்பதற்காக என்று சொல்லும் சிறைக்கைதியின் பாட்டை 1955-லேயே பாடிவிட்டார். கறுப்பு உடை அவருக்கு விளம்பரம் இல்லை. ஏழைகளுக்காகவும் கைதிகளுக்காகவும் அதை அணிகிறேன் என்று 1971-இல் பாட்டாகவே விளக்கினார். 1990-களின் தொடக்கத்தில் நாஷ்வில் அவரைக் கிட்டத்தட்ட மறந்துவிட்ட நிலையில், ராப், மெட்டல் ஆல்பங்கள் தயாரித்துக்கொண்டிருந்த ரிக் ரூபின் அவரை அழைத்து, ஒரு கிடாரைக் கையில் கொடுத்து, சும்மா பாடுங்கள் என்றார். 1994-இல் வந்த அந்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆல்பமும் அதைத் தொடர்ந்தவையும் கோதிக் கன்ட்ரியைப் பொதுமக்கள் காதுக்குக் கொண்டுபோயின. 2002-இல் பாடிய 'ஹர்ட்' நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவுடைய பாட்டு. அதன் வீடியோவில் நடுங்கும் கையால் கேஷ் மதுவை மேசைமேல் ஊற்றுகிறார். மூடிக்கிடக்கும் அவருடைய அருங்காட்சியகம் பாழடைந்து தெரிகிறது. மனைவி ஜூன் பின்னால் நின்று பார்க்கிறார். அந்த ஜூன் வேறு யாருமில்லை, பிரிஸ்டலில் பாடிய மேபெல் கார்ட்டரின் மகள். 2003 மே மாதம் ஜூனும் செப்டம்பரில் ஜானியும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

இன்னொரு வழி பங்க் வழியாக வந்தது. லாஸ் ஏஞ்சலஸின் த கன் கிளப் குழு, ஜெஃப்ரி லீ பியர்ஸ் தலைமையில் 1981-இல் 'ஃபயர் ஆஃப் லவ்' ஆல்பத்தைப் போட்டது. கறுப்பின மக்களின் பழைய தெற்கத்திய இசையான புளூஸைப் பங்க் வேகத்தில் கத்திப் பாடினார்கள். ஆஸ்திரேலியாவில் ஜானி கேஷின் டிவி நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்த ராக் பாடகர் நிக் கேவ், எல்விஸ் பிறந்த டுப்பலோ ஊரைப் புயலும் வெள்ளமுமாக ஒரு வேதாகமக் காட்சிபோல் 1985-இல் பாடினார். 1996-இல் ஓர் ஆல்பம் முழுக்கக் கொலைக் கதைப்பாடல்கள். அதே நிக் கேவ் எழுதிய மின்சார நாற்காலிப் பாட்டான 'த மெர்சி சீட்'டைக் கேஷ் 2000-இல் பாடினார். 2002-இல் இருவரும் சேர்ந்து ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டொன்றைப் பாடினார்கள்.

டென்வர்

இந்த வேர்களெல்லாம் ஒன்றுசேர்ந்து தனி வகையாகத் தலையெடுத்தது தெற்கில் இல்லை, கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரத்தில். அங்கே த டென்வர் ஜென்டில்மென் என்று ஒரு குழு இருந்தது. அதில் வாசித்தவர்களில் இருவர் டேவிட் யூஜின் எட்வர்ட்ஸ், ஸ்லிம் செஸ்னா. பிரிந்த பின் ஆளுக்கொரு குழு தொடங்கினார்கள்.

எட்வர்ட்ஸின் தாத்தா நசரேன் சபைப் போதகர். சிறுவயதில் தாத்தாவோடு ஆராதனைகளுக்கும் அடக்க ஆராதனைகளுக்கும் போய் வளர்ந்தவர் எட்வர்ட்ஸ். வேலை தேடி லாஸ் ஏஞ்சலஸ் போன இடத்தில், சினிமா ஸ்டுடியோ ஒன்றில் செட் போடும் வேலையில் பிரெஞ்சுக்கார இசைக்கலைஞர்கள் பழக்கமானார்கள். 1992-இல் 16 ஹார்ஸ்பவர் அப்படித் தொடங்கி, பின்பு டென்வருக்கு வந்தது. இறந்துபோன மனைவியின் சவப்பெட்டியை 16 கறுப்புக் குதிரைகள் இழுத்துப் போகும் ஒரு பழைய நாட்டுப்பாட்டிலிருந்து வந்தது அந்தப் பெயர்.

மேடையில் எட்வர்ட்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்துதான் வாசிப்பார். மடியில் பாண்டோனியான். ஜெர்மனியில் பிறந்து அர்ஜென்டினாவின் டாங்கோ இசைக்குப் போய்ச் சேர்ந்த துருத்தி வாத்தியம் அது. 'அமெரிக்கன் வீஸ்' பாட்டில் அந்தத் துருத்தி மூச்சு வாங்குவதைக் கேட்கலாம். அவர் கிறிஸ்தவ நம்பிக்கையை மறைத்ததே இல்லை. ஆனால் சர்ச்சில் கேட்கும் ஆறுதல் பாட்டுகளை அவர் பாடுவதில்லை. தேவகோபம், தண்டனை, மண்டியிடுதல் இவைதான் அவர் பாட்டு. விசுவாசம் இல்லாத ரசிகர்கள்கூட அசையாமல் நின்று கேட்கிறார்கள், ஏனென்றால் அவர் நடிக்கவில்லை என்பது தெரிகிறது. 'சாக்க்ளாத் அண்ட் ஆஷஸ்' (1996), 'லோ எஸ்டேட்' (1997), 'சீக்ரெட் சவுத்' (2000), 'ஃபோக்லோர்' (2002) ஆகியவை முக்கிய ஆல்பங்கள். கடைசியாகச் சொன்னதில் ஹாங்க் வில்லியம்ஸின் 'அலோன் அண்ட் ஃபர்சேக்க'னையும் கார்ட்டர் குடும்பத்தின் பாட்டொன்றையும் பாடியிருக்கிறார்கள். கன் கிளப்பின் பாட்டையும் பாடியவர்கள்தான், பிரிட்டிஷ் ராக் குழுவான ஜாய் டிவிஷனின் பாட்டையும் பாடியவர்கள்தான். யாரிடமிருந்து கற்றோம் என்று அவர்களே வரிசைப்படுத்திக் காட்டிவிட்டார்கள். சொந்த நாட்டைவிட ஐரோப்பாவில்தான் இவர்களுக்குக் கூட்டம். 2005-இல் குழு கலைந்தது. எட்வர்ட்ஸ் அதற்கு முன்பே தொடங்கியிருந்த வோவன்ஹேண்ட் குழுவில் தொடர்ந்தார். அதில் கிடார் கனத்தது, அமெரிக்கப் பழங்குடி இசையின் சாயலும் சேர்ந்தது. 2023-இல் 'ஹயசிந்த்' என்று தன் சொந்தப் பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்.

ஸ்லிம் செஸ்னாஸ் ஆட்டோ கிளப் முற்றிலும் வேறு சுபாவம். எட்வர்ட்ஸ் உட்கார்ந்து தீர்ப்பு வாசித்தால், இவர்கள் எழுப்புதல் கூட்டம் நடத்துவார்கள். நெடுநெடுவென்று ஸ்லிம், எதிரில் ஒல்லியான ஜே மன்லி, இருவரும் முகத்துக்கு முகம் நின்று ஒருவரையொருவர் மனந்திரும்பச் சொல்வதுபோல் பாடுவார்கள். குரலைச் சட்டென்று ஏற்றி இறக்கும் யோடலிங் வரும், கைதட்டல் வரும், கூட்டம் குதிக்கும். வரிகளைக் கவனித்தால் குடும்பத்துக்குள் நடக்கும் கொடூரம். இவர்களுடைய இசைத்தட்டுகளைப் பல வருடம் வெளியிட்டது ஆல்டர்னேட்டிவ் டென்டக்கிள்ஸ் என்ற பங்க் நிறுவனம். பங்க் ரசிகர்கள் கன்ட்ரிக்குள் நுழைய இந்தக் கதவு பெரிய உதவி. 'சைஃபர்' (2008) நல்ல தொடக்கம்.

பயமில்லாத இருட்டு

பாவ பயம்தான் உயிர் என்றேன். அதற்குப் பெரிய விதிவிலக்கு த ஹேண்ட்சம் ஃபேமிலி. பிரெட் ஸ்பார்க்ஸ், ரென்னி ஸ்பார்க்ஸ் என்ற தம்பதி. 1993-இல் சிகாகோவில் தொடங்கி, பிறகு நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கிக்குக் குடிபெயர்ந்தார்கள். வரிகள் முழுக்க மனைவி, மெட்டும் குரலும் கணவர். பிரெட்டின் ஆழமான குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வரும். ரென்னியின் உலகத்தில் கடவுளின் கோபத்துக்கு இடமில்லை. மரங்கள், பூச்சிகள், காக்கைகள், சூப்பர்மார்க்கெட் வாசல், இவற்றுக்கு நடுவே மனிதர்கள் காணாமல் போகிறார்கள். 'வெயிட்லெஸ் அகைன்' பாட்டில் ஒரு ஜோடி ரெட்வுட் காட்டில் காபி குடிக்க நிற்கிறது. பால்பவுடரைக் கரண்டியால் கலக்குகிறார்கள். அங்கிருந்து பாட்டு, கோல்டன் கேட் பாலத்திலிருந்து ஆட்கள் ஏன் குதிக்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் நழுவுகிறது. பாபி ஜென்ட்ரியின் சாப்பாட்டு மேசைக்கு நேர்வாரிசு என்று இதைச் சொல்வேன்.

2003-இல் அவர்கள் போட்ட 'ஃபார் ஃப்ரம் எனி ரோட்' பாலைவனத்தில் இரவில் பூக்கும் முள்செடியைப் பற்றியது, பிரெட்டும் ரென்னியும் மாறிமாறிப் பாடுவது, நடுவே மெக்சிகோ பாணி டிரம்பெட். 11 வருடம் கழித்து 'ட்ரூ டிடெக்டிவ்' டிவி தொடரின் முதல் சீசனுக்கு அதுவே தலைப்புப் பாட்டானது. இசை தேர்வு செய்தவர் டி போன் பர்னெட். கோதிக் கன்ட்ரி என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் உலகம் முழுக்க அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள்.

ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் வளர்ந்த ஜிம் வைட், அலைச்சறுக்கு வீரர், மாடல், நியூயார்க்கில் டாக்சி டிரைவர் என்று பல வேலை பார்த்த பிறகு 1997-இல்தான் முதல் ஆல்பம் போட்டார். அந்த ஆல்பத்தின் பெயரை ஒட்டி 2003-இல் 'சர்ச்சிங் ஃபார் த ராங்-ஐட் ஜீசஸ்' என்ற ஆவணப்படம் வந்தது. இயேசு சிலை ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜிம் வைட் தெற்கில் சுற்றுகிறார். சிறை, சர்ச், சாலையோரக் கடை என்று போகும் வழியில் ஹேண்ட்சம் ஃபேமிலியும் எட்வர்ட்ஸும் வந்து பாடுகிறார்கள். இந்த இசை எந்த மண்ணில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் தேடிப் பார்க்கலாம்.

விஸ்கான்சினின் தோஸ் புவர் பாஸ்டர்ட்ஸ் குழு இந்த வகையின் கரடுமுரடான ஓரம். லோன்சம் வையட், த மினிஸ்டர் என்று புனைபெயர் வைத்துக்கொண்ட இருவர், கிணற்றுக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் பதிவு செய்வார்கள். ஹாங்க் வில்லியம்ஸின் பேரன் மூன்றாம் ஹாங்க் 2006-இல் இவர்களுடைய 'பில்ஸ் ஐ டுக்' பாட்டைப் பாடினார். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்திலேயே இங்கே வர வேண்டாம்.

ஒரு சங்கடமான விஷயம் பாக்கி. இந்தப் பாட்டுகளில் கொல்லப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஜானி கேஷ் 1994-இல் பாடிய 'டீலியாஸ் கான்' பாட்டுக்குப் பின்னால் நிஜத்தில் டீலியா கிரீன் என்ற கறுப்பினச் சிறுமி இருக்கிறாள். ஜார்ஜியாவின் சவானா நகரில் 1900 கிறிஸ்துமஸ் சமயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவளுக்கு வயது 14. கொன்றவனின் புலம்பலை நூறு பேர் பாடினார்கள், அவள் பக்கத்தை யார் பாடுவது? இதற்குச் சரியான பதில் பெண் பாடகர்களிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன். ஜிலியன் வெல்ச் 1998-இல் 'கேலப் மேயர்' பாட்டை எழுதினார். கணவன் ஊரில் இல்லாத நேரம் பக்கத்துக் குன்றிலிருந்து ஒருவன் குடித்துவிட்டு வந்து நெல்லி கேன் என்ற பெண்ணைத் தாக்குகிறான். அவள் கடவுளைக் கூப்பிடுகிறாள். விரலுக்கு எட்டுவது உடைந்த பாட்டிலின் கழுத்து. அதை அவன் தொண்டையில் இழுக்கிறாள். டாக் பாக்ஸ் பாடிய அதே மலைநாட்டு இலக்கணம், குழிக்குள் போகிறவர் மட்டும் மாறிவிட்டார்.

தெற்கு கரோலினாவைச் சேர்ந்த ஏடியா விக்டோரியா 2021-இல் போட்ட ஆல்பத்துக்கு 'எ சதர்ன் கோதிக்' என்றே பெயர். புளூஸ் அடித்தளத்தில் பாடுகிறார். தெற்கின் இருட்டு முதலில் யார் மேல் விழுந்தது என்பதைக் கறுப்பினப் பெண்ணின் குரலில் கேட்கும்போது, வெள்ளை ஆண்களின் பேய்க் கதைகள் சிறிதாகிப் போகின்றன. ஃப்ளோரிடாவில் பாப்டிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்த ஈத்தல் கேன் 2022-இல் 'ப்ரீச்சர்ஸ் டாட்டர்' என்ற ஆல்பத்தை ஒரு போதகர் மகளின் கதையாகவே அமைத்தார். இசை கன்ட்ரியிலிருந்து வெகுதூரம் விலகி மெதுவான ராக்காக, இரைச்சலாகப் போனாலும், லூவின் சகோதரர்களை ஆட்டிய அதே பயம் அதில் இருக்கிறது. இன்றைய இருபது வயதுக்காரர்கள் பலர் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? 'ஓட் டு பில்லி ஜோ'வையும் 'வெயிட்லெஸ் அகை'னையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. அது பிடித்திருந்தால் 'சீக்ரெட் சவுத்' ஆல்பத்தை முழுதாக, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். அதில் வரும் 'வேஃபேரிங் ஸ்ட்ரேஞ்சர்' பழைய பக்திப் பாட்டுதான், ஆனால் எட்வர்ட்ஸ் அதை மறுகரைக்குப் போக வழி தெரியாதவர்போல் பாடியிருப்பார். அதற்குப் பிறகு டாக் பாக்ஸ். 1927-இன் கரகரப்பு முதலில் இடைஞ்சலாக இருக்கும், இரண்டாவது பாட்டுக்குள் காது பழகிவிடும்.